இரண்டு வீட்டுச் சுவர்கள்

கேள்வி: நாங்கள் மந்தினில் இருக்கிறோம். என் கணவரின் தாத்தா காலத்திலிருந்து பால்மரத் தோட்டத்துக் குடும்பம். தோட்டம் தாமானாக மாறியபோது இங்கே ஒரு மலிவுவிலை வீட்டுக்கு வந்தோம். மூத்தவன் நீலாயில் டிப்ளோமா படிக்கிறான். போன தீபாவளிக்குச் சிரம்பானில் ஒரு நண்பன் வீட்டுக்குப் போய்வந்தான். அவர்கள் சிலோன்காரர்கள், யாழ்ப்பாணத் தமிழர்கள். கூடத்துச் சுவர் முழுக்கப் பட்டமளிப்புப் படங்களாம்: தாத்தா, பெரியப்பா, அப்பா, அத்தை, அக்கா. எங்கள் சுவரில் ஐ.சி. (அடையாள அட்டை) படத்திலிருந்து பெரிதாக்கிய ஒரே ஒரு தாத்தா படம்தான் இருக்கிறது. வந்ததும் வராததுமாகக் கேட்டான்: "நாமளும் தமிழர், அவங்களும் தமிழர். கும்பிடுறதும் அதே முருகன். அப்புறம் ஏம்மா? நமக்கு மூளை கம்மியா?" என் மாமனார் உடனே, "அவன் சேத்தான், நாம குடிச்சோம்" என்று முடித்துவிட்டார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. வேறு பதிலும் தெரியவில்லை. இன்னொன்று: சின்னவள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. அவளை மலாய்ப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா?
— ஒரு தாய், மந்தின்

பதில்: அம்மா, உங்கள் மகன் அந்தச் சுவரில் பார்த்த படங்களை விட்டுவிடுவோம். அங்கே மாட்டப்படாத படங்கள் சில உண்டு. அந்த நண்பனின் கொள்ளுத்தாத்தாவுக்கு ஊரில் அண்ணன் தம்பிகள் இருந்திருப்பார்கள். தோட்டக்காணியில் புகையிலை போட்டவர்கள், பனங்காணியைப் பார்த்துக்கொண்டவர்கள், ஆங்கிலம் படிக்காதவர்கள். அவர்கள் மலாயாவுக்கு வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தவர்கள், வடிகட்டி எடுத்த ஒரு சிறு கூட்டம்.

அந்த வடிகட்டி எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். அமெரிக்க மிஷனரிகள் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். அதைத் தொடர்ந்து ஊருக்கு ஊர் ஆங்கிலப் பள்ளிகள் வந்தன. ஐம்பது அறுபது ஆண்டுகளில், ஆங்கிலத்தில் கணக்கெழுதத் தெரிந்த இளைஞர்கள் அந்தச் சின்னக் குடாநாட்டில் வேலையைவிட அதிகமாகிவிட்டார்கள். அதே நேரத்தில் மலாயாவில் வெள்ளைக்காரன் ரயில் போட்டுக்கொண்டிருந்தான். நம் சிரம்பான், போர்ட் டிக்சன் பாதை 1891இல் திறந்தது. ஸ்டேஷன் மாஸ்டர், நில அளவையாளர், கிராணி, ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் என்று ஆள் வேண்டியிருந்தது. படித்தவன் கப்பலேறினான். பெரும்பாலும் சொந்தக் காணி உள்ள வீட்டுப் பிள்ளை; பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட முடிந்த அப்பனின் மகன். அவனை ஆள்பிடிக்கும் எந்தக் கங்காணியும் கூட்டி வரவில்லை. ஏற்கெனவே இங்கே இருந்த மாமனோ மச்சானோ கடிதம் எழுதி வரவழைத்தார்.

உங்கள் கணவரின் தாத்தாவைத் தமிழ்நாட்டில் தேடி வந்த கங்காணிக்கு வேறு மாதிரி ஆள் தேவைப்பட்டது. சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு மாவட்டங்களில் காணி இல்லாதவன், மழை பொய்த்தால் கடனில் விழுபவன், எழுதப் படிக்க யாரும் சொல்லிக்கொடுக்காத சாதியில் பிறந்தவன். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நின்றது; கங்காணிமுறை 1938 வரை ஓடியது, இந்திய அரசு தடுத்து நிறுத்தும் வரைக்கும். ஆக, யாழ்ப்பாணத்தில் மேலே இருந்த கொஞ்சம் பேரையும், தமிழ்நாட்டில் கீழே அழுத்தி வைக்கப்பட்ட பல லட்சம் பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு "ஏன் வித்தியாசம்?" என்று கேட்கிறோம். வித்தியாசம் கப்பல் ஏறும்போதே இருந்தது.

ஆனால் இது பாதிப் பதில்தான். ஏறும்போது இருந்த வித்தியாசம் மூன்று தலைமுறைக்கு ஏன் நீடிக்க வேண்டும்? இங்கே என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அப்பாவும் சிற்றப்பாவும் 1936இல் ஒரே ரஜுலா கப்பலில் வந்தவர்கள். ஒரே தாய் வயிறு, ஒரே ஊர், இருவருக்கும் கைநாட்டுத்தான். அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாளக் கூலி வேலை கிடைத்தது. சிற்றப்பா நெகிரி செம்பிலானில் ஒரு தோட்டத்துக்குப் போனார். கூலியில் பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. அப்பாவுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ். சிற்றப்பாவுக்கு லயத்தில் ஒரு வீடு. எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்கு நடந்தே போகலாம். ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு யாழ்ப்பாணத்தார். அவர் மகன் என்ன படிக்கிறான் என்று பார்த்துத்தான் அப்பா என்னை எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்தார்.

சிற்றப்பாவின் மூத்த மகன் என்னைவிட ஒரு வயது பெரியவர், கணக்கில் என்னைவிடக் கெட்டி. லீவுக்குப் போனால் விடியற்காலையில் அவரோடு நிரைக்குப் போவேன். பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து பொழுது புலரும் முன்னால் மரத்தடியில் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஒரு ஆளுக்கு நானூறு மரம்போல வரும். சின்னம்மா உளியைப் போடுவார். அண்ணன் முந்தின நாள் ஒட்டுப்பாலை உரித்து, பால் பிடிக்கும் மங்குகளைத் துடைத்து வைப்பார். ஆறேழு மரத்துக்கு ஒருதரம் வாய்ப்பாடு சொல்வார். பதினாறாம் வாய்ப்பாட்டை அவர் வாயால் கேட்டுத்தான் நான் மனப்பாடம் செய்தேன். மழை பிடித்துக்கொண்டால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. பத்து மணிக்கு மேல் பாலைச் சேர்த்துக் காண்டாவில் (தோள்கம்பில்) தூக்கி ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுப்பார்கள். அதற்குள் தோட்டப் பள்ளியில் பாதி நாள் போயிருக்கும்.

1962இல் சிற்றப்பா நெஞ்சு நோய் வந்து படுத்துவிட்டார். பேர் பதிந்த ஆள் வேலைக்கு வராவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீடு வேலையோடு கட்டியிருந்தது. சின்னம்மா ஒருத்தியின் பேர் போதாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அண்ணன் அந்த ஆண்டே உளியைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் மூன்று பேர் படித்ததே அவர் அந்த லயத்து வீட்டைப் பிடித்து வைத்திருந்ததால்தான். நான் பல்கலைக்கழகம் போனேன். எங்கள் இருவருக்கும் நடுவில் சாதி, சிக்கனம், மூளை எதுவும் வரவில்லை. வந்தது வீட்டுச் சாவி.

தோட்டப் பள்ளியையும் பார்த்துவிடுவோம். 1912 தொழிலாளர் சட்டப்படி, 7 முதல் 14 வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும். நடத்தினார்கள். பல இடங்களில் ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் அறை, எழுதத் தெரிந்த ஒரு கங்காணியோ கிராணியோ வாத்தியார். அதில் படித்த தமிழை வைத்துக்கொண்டு போக மேலே வேறு பள்ளி கிடையாது. கிராணி வீட்டுப் பிள்ளை டவுனில் ஆங்கிலப் பள்ளியில் சீனியர் கேம்பிரிட்ஜ் வரை போனது. தொழிலாளி வீட்டுப் பிள்ளை இடைநிலைப் பள்ளி வாசலை எட்டியபோது மொழி மாறிவிட்டது. 1970க்குப் பிறகு ஆங்கிலப் பள்ளிகள் ஒவ்வோர் ஆண்டாக மலாய்க்குப் போயின. நம் பிள்ளைகள் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்து மலாய் படித்துவிட்டுத்தான் ஒன்றாம் படிவம் போனார்கள். ஒரு வருடம் பின்தங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் அப்படியே நின்றுவிட்டார்கள் என்பதை உங்கள் தெருவிலேயே விசாரித்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் மாமனார் சொன்ன குடிக்கு, கள்ளுக்கடைக்கு வருவோம். குடித்தார்கள், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அரசாங்க உரிமத்தோடு தோட்டத்துக்குள்ளேயே கடையைத் திறந்து வைத்தது யார்? 1947இல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தபோது போலீஸ் அடித்தது கடைக்காரரை அல்ல, அந்த இளைஞர்களை. சிக்கனம் தெரியாதவர்கள் என்பதும் பொய். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960இல், ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தவணை முறையில் பங்குப் பணம் கட்டினார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. தினக்கூலியில் சேர்த்த காசு அது. முன்பு அந்தக் கூலியே எவ்வளவு சிறியது என்றால், 1937இல் இந்திய அரசு அனுப்பிய சீனிவாச சாஸ்திரியின் அறிக்கை வந்தபோது வாதமே ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு நாள்கூலியைத் திரும்பக் கொடுக்கலாமா என்பதுதான்.

யாழ்ப்பாணத்தாரும் சேர்த்தார்கள். மாதச் சம்பளம், ஓய்வூதியம், விதவைக்கும் பிள்ளைக்கும் நிதி என்று எல்லாம் இருந்தால் சேர்ப்பது வேறு வித்தை. ஊருக்கு மணியோடர் அனுப்பினார்கள், காணி வாங்கினார்கள், சீதனம் கொடுத்தார்கள். 'மலாயன் பென்சனியர்' என்றால் யாழ்ப்பாணத்தில் ஒரு தனிச் சாதி மாதிரி, குடையும் கோட்டும் கண்டிப்புமாக. இங்கேயும் 1920களிலேயே சொந்தக் கூட்டுறவுச் சங்கம் நடத்தினார்கள். அவர்களுக்கும் அடி விழாமல் இல்லை. 1930களின் மந்தத்தில் கிராணிகளுக்கு வேலை போனது. சுதந்திரத்தை ஒட்டி அரசாங்க உத்தியோகத்தில் மலாய்க்காரருக்கு முன்னுரிமை வந்ததும் அவர்களின் பழைய ஏணி உடைந்தது. ஆனால் அதற்குள் பிள்ளைகள் டாக்டர், வக்கீல் படிப்புக்கு மாறிவிட்டார்கள். ஏணி உடைந்தபோது அவர்கள் மாடியில் இருந்தார்கள்.

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு ஏணி என்பதே 1980, 90களில் தோட்டம் கைமாறி வீடமைப்பு ஆனபோதுதான் வந்தது, அதுவும் வெளியே தள்ளும் வழியாக. நீலாய், பஜாம், லாபு வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பக்கத்திலேயே விமான நிலையம் 1998இல் திறந்தது. நிலம் தங்கமானது; லயத்தில் இருந்தவர் பேரில் ஒரு சாண் நிலம் இல்லை. உங்கள் ஊர் ஹக்கா கம்பத்துச் சீனர்களைக் கேட்டுப் பாருங்கள். ஈயச் சுரங்கக் கூலிகளாக வந்தவர்களின் வாரிசுகள். நிலப்பட்டா விஷயத்தில் அவர்களும் இடிபட்டவர்கள்தான், 2013இல் வீடுகள் மேல் இயந்திரம் ஏறியது. ஆனால் அவர்கள் வீடு எந்த முதலாளியின் வேலையோடும் கட்டப்பட்டதல்ல. அப்பன் சுரங்கத்தை விட்டுக் கடை வைத்தாலும் அதே கூரையின் கீழ் இருக்கலாம்.

இந்தக் கணக்கைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. இதே இரண்டு கூட்டமும் இன்னொரு நாட்டிலும் இருக்கின்றன. இலங்கை மலையகத்துக்குப் போனவர்கள் நம் தாத்தாக்களின் பக்கத்து ஊர்க்காரர்கள். அதே கங்காணி, அதே லயம், அதே பெரட்டு. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. யாழ்ப்பாணத்தாருக்கும் மலையகத்தாருக்கும் அங்கே உள்ள இடைவெளி, உங்கள் மகன் சிரம்பானில் பார்த்ததன் பெரிய அண்ணன். ரப்பருக்குப் பதில் தேயிலை. மற்றதெல்லாம் அச்சு அசல். நம் நாட்டுக்குள்ளேயே தெலுங்கர்களைப் பாருங்கள். பாகான் டத்தோ பக்கம் தோட்டத்துக்கு வந்த தெலுங்குத் தொழிலாளர்களின் கதை, மொழி வேறானாலும், யாழ்ப்பாணத்தாரைவிட நமக்குத்தான் நெருக்கம். மொழியோ சாமியோ பேரப்பிள்ளையின் சம்பளத்தை முடிவு செய்திருந்தால் இது நேர்மாறாக இருந்திருக்கும்.

வெளிநாட்டிலும் இந்த ஒப்பீட்டு மோகம் உண்டு. அமெரிக்காவில் ஸ்லோவாக்கிய வம்சாவளிக்காரர்களையும் ருமேனிய வம்சாவளிக்காரர்களையும் வைத்து யார் உசத்தி என்று கணக்குப் போட்டால் என்ன ஆகும்? ஸ்லோவாக்கியரில் பெரும்பகுதி 1880களிலிருந்து முதல் உலகப்போர் வரைக்கும் பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத்துக்கும் எஃகு ஆலைக்கும் போனவர்களின் சந்ததி. ருமேனியரில் கணிசமானோர் 1989க்குப் பின் பட்டத்தோடு போனவர்கள். கைச்சுமையோடு போனவரின் கொள்ளுப்பேரனையும் சான்றிதழோடு போனவரையும் ஒரே தராசில் நிறுத்தால் முள் எங்கே நிற்கும்?

அரசாங்கப் புள்ளிவிவரம் உங்களுக்கு உதவாது. சிலோன்காரர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி, நாம், எல்லோரும் 'இந்தியர்' என்ற ஒரே பெட்டியில். 2022 கணக்குப்படி இந்தியர் குடும்ப வருமானத்தின் இடைநிலை மாதம் 6,627 வெள்ளி; நாடு முழுவதற்கும் 6,338. இதைக் காட்டி "இந்தியருக்கு என்ன குறை?" என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. நம்மில் பெரும்பாலோர் இன்று நகர்ப்புறத்தில் இருக்கிறோம். அங்கே சம்பளமும் கூட, வாடகையும் கூட. சிரம்பான் டாக்டர் வீடும் மந்தின் மலிவுவிலை வீடும் ஒரே பெட்டிக்குள் போனால் உங்கள் வீடு கண்ணுக்குத் தெரியாது.

சின்னவளை மாற்ற வேண்டாம். பழைய தோட்டப் பள்ளியின் கோளாறு தமிழ் அல்ல, ஆறாம் வகுப்போடு சுவர் வைத்திருந்ததுதான். இன்று அந்தச் சுவர் இல்லை. மலாய் மொழியில் மட்டும் இப்போதே கவனம் வையுங்கள். வாரம் ஒரு மலாய்க் கதைப் புத்தகம் போதும், டியூஷன் கூட அவசியமில்லை.

மூத்தவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். மாமனாரிடம் உட்காரச் சொல்லுங்கள். எந்தத் தோட்டம், எத்தனை மரம், எந்த வயதில் உளியைப் பிடித்தார், வீட்டை யார் பேரில் பதிந்திருந்தார்கள், அவரோடு படித்தவர்களில் முதலில் பள்ளியை விட்டது யார், ஏன். கள்ளுக்கடைப் பேச்சில் தொடங்கினாலும் பரவாயில்லை, அரைமணி நேரத்தில் வேறு பேச்சு வரும். எழுதி எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள்.