பின் பிரேக் பிடித்துக்கொண்டதா?

மொன்றியல் சாலைகளில் குளிர்காலம் முழுக்க உப்பு தூவுவதால், பழைய கார்களைப் பலர் வசந்தம் வரை கராஜிலேயே நிறுத்திவிடுவார்கள். வெளியே எடுக்கும்போது பின்சக்கரம் நகர மறுக்கலாம்.

● முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும்.

● ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்துங்கள். சக்கரம் சுற்றினால் கோளாறு கேபிளில்தான்.

● சுற்றவில்லையா? பிளீடர் திருகைத் திறங்கள். ஆயில் பீய்ச்சி சக்கரம் விடுபட்டால், ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். மாற்றிவிட்டு ஏர் எடுங்கள்.

● அப்போதும் அசையாவிட்டால், ஷூ துருவேறி டிரம்மில் ஒட்டியிருக்கும். அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மைச் சுற்றிலும் மெதுவாகத் தட்டுங்கள்.

● பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

● அடுத்த குளிருக்கு நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் வேண்டாம். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும்.