நிலவியலா, சுரங்கப் பொறியியலா?

பிளஸ் டூ முடித்துக் கனிமத்துறைக்கு வர நினைப்பவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். 'இரண்டும் ஒன்றுதானே' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

நெய்வேலியையே பாருங்கள். அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நிலத்தடி நீர் கடும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைத் தணிக்காமல் வெட்டினால், சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் மேலே வந்துவிடும். துளையிட்டு எடுத்த மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, நீர் எந்த மணல் அடுக்கில் இருக்கிறது, எங்கிருந்து ஊறுகிறது என்று சொல்பவர் நிலவியலாளர். மேல்மண்ணை அள்ளும் ராட்சத இயந்திரம் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும், வெட்டிய சரிவு எவ்வளவு சாய்வாக இருந்தால் சரியாது, ஷிஃப்டில் இருப்பவர்கள் பத்திரமாக வீடு திரும்ப என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் சுரங்கப் பொறியாளரின் பொறுப்பு. கல்லைப் படிப்பதில் ஆசையா, ஆட்களையும் இயந்திரங்களையும் நடத்துவதில் ஆசையா? முதலில் இதை முடிவு செய்யுங்கள்.

சுரங்கப் பொறியியல் என்றால் கிண்டி பொறியியல் கல்லூரியில் கலந்தாய்வு வழியே சேரலாம். ஜேஇஇ அட்வான்ஸ்டில் நல்ல ரேங்க் இருந்தால் தன்பாத் ஐஐடியையே எடுங்கள் என்பேன். 1926-இல் தொடங்கி 2016-இல் ஐஐடி ஆன நிறுவனம் என்பதற்காக மட்டும் அல்ல. ஜாரியா நிலக்கரி வயல் பக்கத்திலேயே இருக்கிறது. வேலை நடக்கும் சுரங்கத்துக்கு அருகில் படிப்பது தனிப் பலம்.

நிலவியலுக்குச் சென்னை மாநிலக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி என்று நம் ஊரிலேயே இடங்கள் உண்டு. செலவு குறைவு. ஆனால் பி.எஸ்சி.யோடு நிற்காதீர்கள். 1851 முதல் இயங்கும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் நிலவியலாளராகச் சேர யுபிஎஸ்சி தேர்வு எழுத வேண்டும். அதற்கு முதுகலை வேண்டும். ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு இருக்கிறது.

எந்தக் கல்லூரியானாலும் அங்கே படிக்கும் சீனியர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். களப்பயணத்துக்கு எத்தனை நாள் கூட்டிப்போகிறார்கள்? பாறைச் சீவலைப் பார்க்கும் நுண்ணோக்கியை மாணவர்கள் தொட முடிகிறதா? சேலத்தின் மேக்னசைட்டையும் அரியலூரின் சுண்ணாம்புக்கல்லையும் நேரில் பார்க்காமல் பட்டம் வாங்குவது பெரிய இழப்பு.

பெண் பிள்ளைகளைத் தயங்க வைத்த ஒரு தடையும் தளர்ந்துவிட்டது. 2019-இல் மத்திய அரசு அளித்த விலக்கின்படி, எழுத்துப்பூர்வ சம்மதம் தந்தால் தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளில் பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்துக்குள்ளும் பகலில் வேலை பார்க்க வழி பிறந்தது. வீட்டில் மறுப்பவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.