காலடி மண்ணைக் கற்றவர்

வானையும் பூமியையும் நோக்கிச் சிந்திக்குமாறு திருமறை மாந்தரைப் பலவிடங்களில் அழைக்கிறது. வானை அண்ணாந்து பார்க்கும் நாம் காலடி மண்ணை எவ்வளவு கற்றிருக்கிறோம்?

திண்டிவனத்திற்கும் புதுவைக்கும் இடைப்பட்ட திருவக்கரையில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அக்கல்மரப் பூங்காவைக் காத்துவருவது இந்திய நிலவியல் ஆய்வுத்துறை. அத்துறைக்கு இயக்குநரான முதல் இந்தியர் தமிழரே என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. அவரே டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன்.

தஞ்சை மாவட்டத்தில் 1898-இல் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, இலண்டனில் முனைவர் பட்டம் பெற்று, 1924-இல் அத்துறையில் சேர்ந்தார். 1951-இல் அதன் தலைமையை ஏற்றார். 1943-இல் வெளிவந்த அவரது இந்திய, பர்மிய நிலவியல் நூல் பல தலைமுறை மாணவர்க்குப் பாடநூலாயிற்று. பாறைகள், கனிமங்கள் பற்றிய அவரது ஆய்வு, இந்திய நிலப்பரப்பின் கட்டமைப்பு வரலாறாக விரிந்தது. பணி ஓய்வுக்குப் பின்னரும் ஓயாமல், அறுபதாம் அகவையை ஒட்டி ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் நிலவியல், புவி இயற்பியல் துறைக்குத் தலைவரானார். 1961-இல் ஐதராபாத்தில் தோன்றிய தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநரும் அவரே. 1970-இல் மறைந்தார்.

இக்கல்வி நம் வட்டாரத்திற்கு எவ்வாறு பயன்படும்? செஞ்சி, திண்டிவனம் பகுதிகளின் அடியில் இருப்பது கடும்பாறை. அங்கே நீர், வெடிப்புகளிலும் சிதைந்த பாறையிலும் மட்டுமே தங்கும். நகையை அடகு வைத்து ஆழ்குழாய்க் கிணறு தோண்டிப் புழுதியை மட்டுமே கண்ட உழவர் பலரை நாம் அறிவோம். நிலத்தில் நான்கு மின்முனைகளை ஊன்றி, வெளிமுனைகள் இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தி, உள்முனைகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளந்தால் நிலத்தின் மின்தடை புலனாகும். முனைகளின் இடைவெளியை விரிக்க விரிக்க ஆழத்துச் செய்தி கிட்டும். திண்ணிய பாறையில் தடை மிகும். நீர் தாங்கிய சிதைபாறையில் குறையும். ஆயினும் களிமண்ணிலும் உவர்நீரிலும்கூடத் தடை குறைவே. ஆதலால் கருவி தருவது எண்ணை மட்டுமே. அதற்குப் பொருள் காண நிலவியல் அறிவு வேண்டும். நிலவியலும் இயற்பியலும் இணைந்து நிற்கவேண்டிய காரணம் இதுவே.

மாணவச் செல்வங்களே! அறுபதில் அவர் புதுப்பொறுப்பை ஏற்றார். இருபதில் நாம் தயங்கலாமா? தாகம் தீர்க்க நீர்வழி காட்டுதல் ஸதக்கத்துல் ஜாரியா என்னும் நிலையான தருமம். நம்முள் ஒருவர் இத்துறையைக் கற்றுத் திரும்பி, ஓர் உழவரின் கைப்பொருள் வீணாகாமல் காப்பாராயின், அதுவே கல்வியின் பயனாகும்.