கேமராவோடு கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு

1. எந்த லென்ஸ் வாங்கலாம் என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்கிறது. இருப்பதை வைத்துக் கொஞ்ச காலம் பழகுங்கள். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் தம் கையாலேயே இணைத்து அமைத்துக்கொண்ட கேமராவில், கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். அந்தப் படங்களில் தெரிவது காட்டைப் பற்றி அவருக்கு இருந்த அறிவு. காசு சேர்ந்தால் முதலில் நல்ல பைனாகுலர் ஒன்று வாங்குங்கள்.

2. எதை எடுக்கப் போகிறீர்களோ, அதைக் கேமரா இல்லாமல் ஒரு காலைப் பொழுது பாருங்கள். பெரிய பறவைகள் கிளம்புமுன் பெரும்பாலும் காற்றுக்கு எதிராகத் திரும்பும், உடலைத் தாழ்த்தும், பல நேரம் எச்சமிடும். இது தெரிந்தவர் ஷட்டரை 1/2000 வினாடியில் வைத்துக்கொண்டு தயாராக இருப்பார்.

3. கூட்டுக்கு அருகே போகாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். படத்துக்கு மறைக்கிறதென்று நீங்கள் ஒதுக்கும் இலைதான் குஞ்சுக்கு நிழல். காக்கையின் கண்ணிலிருந்து அதைக் காப்பதும் அந்த இலைதான். நீங்கள் நிற்கும் வரை தாய் திரும்பாது. இறகு முளைக்காத குஞ்சு உச்சி வெயிலை அதிக நேரம் தாங்காது. நீங்கள் போன பிறகுதான் சாவு நிகழும் என்பதால் உங்கள் படத்தில் அது தெரியாது. வேடந்தாங்கலில் ஏரிக்கரையில் நின்று, தூரத்து மரங்களில் கூடு கட்டும் நத்தைக்குத்தி நாரைகளை எடுப்பது வேறு விஷயம். அங்கே பறவைகள் கரையில் நிற்கும் மனிதர்களுக்குப் பழகியவை.

4. தூரத்தை மதியுங்கள். நார்வேயின் ஸ்வால்பார்டில் 2025 முதல் பனிக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது சட்டம். அண்டார்டிகாவில் பென்குயினுக்கு 5 மீட்டர் விடச் சொல்வார்கள். அதுவாக நெருங்கி வந்தால் அசையாமல் நில்லுங்கள். கென்யாவின் மசாய் மாராவில் ஆற்றைக் கடக்க வரும் வில்டபீஸ்ட் மான்கள், கரையை அடைத்து நிற்கும் வண்டிகளைக் கண்டு திரும்பிவிடுவதுண்டு. விருந்தினருக்கு அருகில் போவதுதான் பிடிக்கும் என்று நினைத்தே ஓட்டுநர் வண்டியை நெருக்கிக் கொண்டுபோகிறார். எனக்காக விலங்குகளுக்கு அருகில் போக வேண்டாம் என்று முதல் நாள் காலையிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். அதற்காக டிப்ஸையும் குறைக்காதீர்கள்.

5. ஃபிரேம் நிறையப் பனியோ வெண்மணலோ இருந்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். இருண்ட பின்னணியில் ஒற்றைக் கொக்கு நின்றால் குறையுங்கள். 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில் நிலவு எழுந்தபோது அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸுக்கு லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடமாக இருந்ததால் அதை வைத்தே கணக்கிட்டு எடுத்தார். இன்றும் பேசப்படும் படம் அது.

6. குளிர் நாட்டில் உபரி பேட்டரிகளை உள்சட்டைப் பையில் வையுங்கள். வெளியிலிருந்து அறைக்குள் வருமுன் கேமராவைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, சூடேறிய பின் திறவுங்கள். இல்லாவிட்டால் லென்ஸில் ஈரம் கோத்துக்கொள்ளும்.

7. ஐஸ்லாந்தில் ஃப்யாத்ரார்க்லியூஃபுர் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. 2015-இல் வெளிவந்த ஒரு பாட்டு வீடியோவால் அது பிரபலமாயிற்று. கூட்டம் பாதையை விட்டிறங்கிப் பாசியை மிதித்துச் சேறாக்கியதால் 2019-இல் அதைப் பல மாதம் மூட வேண்டியதாயிற்று. அங்கே பாசி மறுபடி படர பல ஆண்டுகள் பிடிக்கும். நடைபாதையில் நின்று கிடைக்கும் கோணமே உங்கள் கோணம். காண்டாமிருகம், அரிய ஆர்க்கிட் போன்றவற்றின் படத்தோடு இடத்தின் பெயரை வெளியிடவே வேண்டாம். படத்தை ரசிக்கும் கண்களோடு வேட்டைக்காரன் கண்ணும் அதைப் பார்க்கிறது.

8. எலியைக் காட்டி ஆந்தையை வரவழைப்பது, செல்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுக் குருவியைக் கூப்பிடுவது, இரண்டும் வேண்டாம். 2009-இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகப் போட்டியில் முதல் பரிசு பெற்ற ஓநாய்ப் படம், அது பழக்கப்பட்ட விலங்காக இருக்கலாம் என்று நடுவர்கள் முடிவு செய்ததால், அடுத்த ஆண்டே தகுதி இழந்தது. வேலியைத் தாண்டும் ஓநாய், அருமையான ஒளி. இன்று அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கு ஓநாய் தெரியவில்லை, சந்தேகம்தான் தெரிகிறது.

9. அன்றிரவே படங்களை இரண்டு இடங்களில் சேமியுங்கள். நாள், இடம், உயிரின் பெயர், அது அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்பதை எழுதி வையுங்கள். அழகில்லாத படத்தையும் உடனே அழிக்க வேண்டாம். எந்தப் பறவை எந்த மாதம் வந்தது என்று பின்னால் ஓர் ஆய்வாளர் தேடும்போது, அவருக்கு வேண்டியது அந்த மங்கலான படமும் அதன் தேதியும்தான்.