காளான் குடிலில் கரியமில வாயு மீட்டரைத் திருத்தி வைக்கும் முறை

சிப்பிக் காளான் பயிரிடுவோர் சிலர் குடிலின் காற்றை அளப்பதற்குக் கரியமில வாயு மீட்டர் வாங்கி மாட்டுகின்றனர். வித்து பரவும் பருவத்தில் இவ்வாயு மிகுந்திருப்பதால் கெடுதல் இல்லை. மொட்டு விட்டபின் அது காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 1,000 பங்குக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் தண்டு நீண்டு, குடை சிறுத்து, சரக்கு நல்ல விலைக்குப் போகாது. ஆகவே மீட்டர் காட்டும் எண் மெய்யானதாயிருத்தல் அவசியம்.

பிழை உண்டாகும் விதம்:— மீட்டரினுள் ஒரு சிறு விளக்கு அகச்சிவப்புக் கதிரை வீசுகிறது. கரியமில வாயு அக்கதிரில் ஒரு பகுதியைக் கிரகித்துக்கொள்ள, எஞ்சியதைக் கொண்டு மீட்டர் கணக்கிடுகிறது. நாளடைவில் விளக்கு மங்குவதாலும் தூசி படிவதாலும் கணக்குத் தவறும். இதற்குப் பரிகாரமாக அநேக மீட்டர்களில் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. சுமார் ஒரு வாரத்தில் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்றெனப் பாவித்து, அதையே 400 என்று அது வைத்துக்கொள்ளும். இரவில் ஆளில்லாத ஆபீசுக்கு இது பொருந்தும். காளானோ இரவும் பகலும் சுவாசிப்பது. குடிலில் அளவு 800க்குக் கீழ் இறங்காவிடில், அந்த 800ஐயே மீட்டர் நாளடைவில் 400 எனக் காட்டும். மெய்யாக 1,400 உள்ளபோது சுமார் 1,000 எனக் காட்டும். அதை நம்பினவர் ஜன்னலைத் திறவாமலே இருந்துவிடுவார்.

செய்ய வேண்டுவன:—

1. தானே திருத்தும் ஏற்பாட்டை நிறுத்திவிடுக.

2. ஒவ்வொரு போகம் முடிந்ததும் மீட்டரை வெளியே கொணர்ந்து, ஈரம் உலரவிட்டு, காற்றோட்டமுள்ள நிழலில் வைக்க. அடுப்புப் புகை, மாட்டுக் கொட்டில், எருக்குழி, வண்டிப் பாதை இவை அருகில் இருத்தலாகாது.

3. நண்பகலை ஒட்டிய வேளையே தகுந்தது. இரவில் பயிரும் மண்ணும் விடும் வாயு விடியற்காலையில் வயல்மேல் தங்கியிருக்கும்.

4. அரை மணி நேரம் மீட்டரை ஓடவிட்டு, எண் நிலைத்தபின் திருத்துக. மனிதர் விடும் மூச்சில் இவ்வாயு நூற்றுக்குச் சுமார் 4 பங்கு உண்டு. எனவே எட்டி நிற்க வேண்டும்.

5. வெளிக்காற்றின் அளவு ஹவாய்த் தீவின் மௌனா லோவா நிலையத்தில் 1958ல் சுமார் 315. 2024ம் வருஷச் சராசரி சுமார் 424. எண்ணை நாமே குறிக்கக்கூடிய மீட்டரில் 425 என்று வைக்கலாம். 400 மட்டுமே ஏற்கும் மீட்டரானால், அவ்வித்தியாசம் காளானுக்குப் பொருட்டல்ல.

மலைப் பிரதேசத்தார் கவனிக்க:— சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தினும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு. உயரத்தைக் குறித்துக் கொடாவிடில், மீட்டர் அதற்கேற்பக் குறைத்துக் காட்டும்.

பலர் பொதுவில் ஒரு மீட்டரை உபயோகிக்கும் கிராமங்களில், திருத்திய தேதியையும் அன்று வெளியில் கண்ட எண்ணையும் ஒரு புஸ்தகத்தில் பதிந்து வைப்பதற்குக் கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்தல் நலம். எண் 900 என்றிருந்தும் தண்டு நீண்டு குடை விரியாதிருப்பின், முதலில் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பின்பு மீட்டரைச் சோதிக்க. பயிர் காட்டும் அடையாளத்தை அலட்சியம் செய்யலாகாது.