கட்டுப்பல்லுக்கு வாயைத் தயார்படுத்தல்

வளர்ந்தோரின் நிரந்தரப் பற்கள் 32 ஆகும். இவை முரசில் நாட்டப்பட்டுள்ளன எனச் சில மாணவர்கள் எழுதுவர். அது தவறு. பல்லின் வேர் தாடை என்பிலுள்ள குழியினுள் இருக்கின்றது. முரசு அதனை மூடியுள்ள மென்மையான இழையமாகும். முரசு நோய் முற்றும்போது அழற்சி என்பு வரை பரவி, வேரைத் தாங்கும் பகுதியைக் கரைக்கின்றது. பல் ஆடுவது இதனாலேயே.

பல் பிடுங்கப்பட்டதும் குழியினுள் குருதி உறைகின்றது. இவ்வுறைவே காயத்தின் முதல் மூடியாகும். அன்றைய தினம் புகைத்தாலோ, வாயைப் பலமாகக் கொப்பளித்தாலோ உறைவு அகன்று, சில நாட்களில் கடும் வலி தோன்றலாம். முரசு சில வாரங்களில் மூடிவிடும். குழி என்பால் நிரம்பப் பல மாதங்கள் செல்லும். அக்காலத்தில் தாடையின் விளிம்பும் சுருங்குவதால், அவசரமாகச் செய்த கட்டுப்பல் பின்னர் தளர்ந்துவிடும்.

எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படுவதில்லை. என்பு விளிம்பு கூராக இருந்தால் முரசைத் திறந்து, அதனை அராவி மழுப்பித் தைப்பர். ஏன்? நீங்கள் விஞ்ஞான பாடத்தில் கற்ற சமன்பாட்டை நினைவுகூருங்கள்:

அமுக்கம் = விசை ÷ பரப்பளவு

கடிக்கும் விசை 10 நியூற்றன் எனக் கொள்வோம். அது 20 சதுர சென்ரிமீற்றரில் பரவினால் அமுக்கம் 5000 பஸ்கால். 0.2 சதுர சென்ரிமீற்றர் கூர்முனையில் மட்டும் தாக்கினால் 500 000 பஸ்கால்! இடையில் அகப்படும் முரசு புண்ணாகாமல் என்ன செய்யும்?

இனிக் கண்ணாடி முன் மேலுதட்டை உயர்த்திப் பாருங்கள். உதட்டை முரசுடன் இணைக்கும் மெல்லிய மடிப்பு தெரியும். சிலரில் இது விளிம்புக்கு மிக அருகே இணைந்திருக்கும். அவர்கள் பேசும்போது அது கட்டுப்பல்லைக் கீழே தள்ளும். அத்தகையோருக்கு மடிப்பை வெட்டிவிடுவர்.

தளர்ந்த பழைய கட்டுப்பல் உராய்வதால் முரசு தடித்துத் தொங்குவதுமுண்டு. முதலில் கட்டுப்பல்லைக் கழற்றி வைத்து ஓய்வு கொடுத்தால் அது ஓரளவு சுருங்கும். எஞ்சியதையே வெட்டி அகற்றுவர். நீரிழிவு உள்ளோரும் குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோரும் அதனைப் பல் வைத்தியருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பாட்டியின் வாயில் 2 வாரங்களுக்கு மேலாக ஆறாத புண் இருந்தால், “கட்டுப்பல் உராய்ந்தது” என்று விட்டுவிடாதீர்கள். அது வாய்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

மாதிரி வினா: கீழ்க் கட்டுப்பல் மேற்கட்டுப்பல்லிலும் எளிதாகக் கழல்வது ஏன்?

விடை: மேற்கட்டுப்பல் அண்ணத்தையும் மூடுவதால் பரப்பளவு அதிகம்; இடையிலுள்ள மெல்லிய உமிழ்நீர்ப் படலம் அதனைப் பற்றிப் பிடிக்கின்றது. கீழ்க் கட்டுப்பல் ஒடுங்கியது. நடுவே நாக்கு அசைந்துகொண்டிருக்கும்.