கண்பாப்பாவில் வெள்ளை ஒளி!

ஃபோட்டோவில் குழந்தையின் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னுகிறதா? ‘பூனைக்கண்’ என்று கொஞ்சிவிட்டு இருந்துவிடாதீர்கள். பூனைக்கண் என்பது கருவிழியின் நிறம். இதுவோ நடுவிலுள்ள கண்பாப்பாவுக்குள் தெரியும் வெண்மை. ‘ரெட்டினோபிளாஸ்டோமா’ என்னும் விழித்திரைப் புற்றின் முதல் அடையாளமாக இருக்கலாம். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது இது. திடீரென மாறுகண் விழுந்தாலும் கவனிக்கணும்.

பச்சைக் குழந்தைக்கு ஏன் புற்று? உடம்பின் எல்லா செல்களிலும் இருப்பது ஒரே ஜீன்கள்தான். எது எப்போது திறக்கணும், எப்போது மூடணும் என்பதில்தான் வித்தியாசம். கருவில் விழித்திரை உருவாகும்போது முதலில் செல்கள் மளமளவென்று பெருகும். பிறகு பெருக்கத்தை நிறுத்தி, மங்கிய வெளிச்சத்தில் பார்க்கும் குச்சி செல், நிறம் காணும் கூம்பு செல் என்று ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொள்ளும். அப்படி நின்றுவிட்ட செல்கள் மறுபடி பெருகுவதில்லை. அதனால்தான் பெரியவர்களுக்கு இந்தப் புற்று மிக அபூர்வம்.

‘நிறுத்து’ என்று சொல்வதில் முக்கியமானது 13-ம் குரோமோசோமிலுள்ள ஆர்.பி.1 ஜீன். பெருக்கத்துக்கான ஜீன்களைத் திறந்துவிடும் ‘இ2எஃப்’ என்ற புரதத்தை, இந்த ஜீன் தயாரிக்கும் புரதம் பிடித்து வைத்துக்கொள்கிறது. சேலம்-விருத்தாசலம் பாதையில் ரயிலைச் சின்னசேலம் ஸ்டேஷனுக்கு வெளியே நிறுத்தி வைக்கும் சிவப்பு சிக்னல் மாதிரி! அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இந்த ஜீன் இரண்டு உண்டு. ஒன்று கெட்டாலும் மற்றது சமாளிக்கும். ஒரே செல்லில் இரண்டுமே கெட்டால்தான் புற்று. அமெரிக்க டாக்டர் ஆல்ஃபிரட் நட்ஸன் 1971-ல் கணக்குப் போட்டே இதைச் சொல்லிவிட்டார். ஜீன் கையில் கிடைத்தது 1986-ல்தான்.

‘சொந்தத்தில் கட்டினதால் வந்த வினை’ என்று சில வீடுகளில் மருமகளைக் குத்திக் காட்டுவார்கள். தப்பு! பரம்பரையாக வரும் சில மாலைக்கண் நோய்களுக்கு அது பொருந்தும், இதற்குப் பொருந்தாது. இந்தப் புற்று வரும் குழந்தைகளில் பெரும்பாலோரின் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இருந்திருக்காது.

கள்ளக்குறிச்சியிலோ சேலத்திலோ கண் டாக்டரிடம் காட்டுங்கள். சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பாவை விரியவைத்துப் பார்ப்பார். சந்தேகம் என்றால் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களுக்கு உடனே போய்விடணும். கட்டி சின்னதாக இருந்தால் லேசர், உறைய வைக்கும் சிகிச்சை, மருந்து என்று கண்ணையே காப்பாற்ற வழியிருக்கிறது. முற்றிவிட்டால் கண்ணை எடுக்கத்தான் வேண்டும். அதற்குப் பயந்து நாட்டு மருந்து, மந்திரிப்பு என்று அலைந்து நாளைக் கடத்தும்போதுதான் பார்வை நரம்பு வழியே மூளைக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகிறது. எடுத்த இடத்தில் செயற்கைக் கண் பொருத்திக்கொண்டு குழந்தை தாராளமாகப் பள்ளிக்கூடம் போகலாம்.

ஒரு குழந்தைக்கு வந்திருந்தால் கூடப்பிறந்தவர்களையும் காட்டுங்கள். அடுத்துப் பிறப்பதைப் பிறந்த உடனேயே காட்டணும். பரம்பரையாகத் தொடருமா என்பதை ரத்தத்தில் ஜீன் பரிசோதனை செய்தும் பார்க்கலாம்.